மூங்கில்துறையில் சத்தம் நின்றபோது

போன மாதம் எங்கள் தெருவில் குடியிருக்கும் கவிதா என்ற பெண் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தாள். ஓடைகளிலும் கண்மாய்களிலும் நீர்மட்டத்தை அளக்கும் கருவிகளுக்கு மென்பொருள் எழுதுவது அவள் வேலை. கருவி தானே அளந்து தானே அனுப்பிவிடும். அந்த இடத்தில் இருக்கும் ஆள் ஏதாவது சொல்ல விரும்பினால் தட்டச்சு செய்வதற்குத் திரையில் ஒரு கட்டமும் வைத்திருக்கிறாள்.

"கட்டம் இருக்கு தாத்தா. ஆனா யாரும் எதையும் எழுத மாட்டேங்கிறாங்க. 'ஓகே'ன்னு அடிச்சிட்டுப் போயிடறாங்க. எழுதாம அடுத்த பக்கத்துக்குப் போக முடியாதபடி பூட்டிப் பாத்தேன். உடனே ஒரு புள்ளி வச்சிட்டுப் போறாங்க. உங்க காலத்துல இதை எப்படி வாங்கினீங்க?" என்று கேட்டாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் அலுவலகத்தில் அந்தப் புள்ளிக்கு ஒரு ரப்பர் முத்திரையே இருந்தது. அதிலிருந்து ஆரம்பித்து அன்று மாலை வரை பேசினேன். "இதையெல்லாம் எழுதி வைங்க தாத்தா" என்று சொல்லிவிட்டுப் போனாள். எழுதுகிறேன்.

என் பெயர் ஜமாலுதீன். திண்டுக்கல்லில் பேகம்பூர்ப் பக்கம் எங்கள் வீடு. அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, தோல் வியாபாரம். அத்தாவுக்குப் பிறகு அண்ணன் ஹனீபா அதைப் பார்த்துக்கொண்டார். எனக்கு அந்தத் தொழில் ஒட்டவில்லை. பள்ளி இறுதி முடித்தேன், தட்டச்சு படித்தேன். ஐம்பதுகளின் கடைசியில், பாசனப் பிரிவு அலுவலகம் ஒன்றில் எழுத்தராக வேலை கிடைத்தது. முதல் இரண்டு வருடம் சம்பளப் பட்டியல், தபால், கோப்பு கட்டுவது என்று போயிற்று. அதில் சொல்ல ஒன்றுமில்லை. அதன் பிறகு என்னை டெலிபோன் அறையில் உட்கார வைத்தார்கள். என் வேலை என்று நான் நினைத்துக்கொள்வது அங்கேதான் ஆரம்பித்தது.

மலையிலிருந்து இறங்கும் ஓடைகளில் ஏழெட்டு இடங்களில் அளவுக் கம்பம் நட்டிருந்தோம். அடியும் அங்குலமும் வெள்ளையில் கறுப்பாக எழுதிய கம்பம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் அளவு பார்ப்பவராக இருந்தார். ஓடைக்கரையில் ஒரு சின்னக் குடிசை, அதில் துறைக்கே சொந்தமான டெலிபோன். கைப்பிடியைச் சுற்றினால் எங்கள் அறையில் மணி அடிக்கும். காலையிலும் மாலையிலும் கூப்பிட்டு அளவு சொல்வார்கள். மழை நாளில் அடிக்கடி சொல்வார்கள். நான் பதிவேட்டில் எழுதிக்கொள்ள வேண்டும்.

பதிவேட்டில் கடைசிக் கட்டத்துக்கு 'குறிப்பு' என்று பெயர். ஒரு விரல் அகலம்கூட இருக்காது. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் அந்தக் கட்டத்துக்காகவே ஒரு முத்திரை செய்து வைத்திருந்தார். 'விசேஷம் இல்லை.' பக்கம் முழுக்க அளவை எழுதிவிட்டு, கடைசியில் மேலிருந்து கீழாக டக் டக் என்று குத்திக்கொண்டே வருவார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. நானும் சில மாதம் குத்தினேன்.

அப்போதுதான் முத்துவேல் சார் ஜூனியர் இன்ஜினியராக மாற்றலாகி வந்தார். ஒட்டன்சத்திரத்துக்கு மேற்கே ஏதோ ஒரு கிராமம். என்னைவிட நாலைந்து வயதுதான் மூப்பு. ஒல்லியான உடம்பு, நரம்பு தெரியும் கழுத்து. யாரிடமும் 'ங்க' போடாமல் பேச மாட்டார், பியூனிடம்கூட. வந்த முதல் வாரம் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க ஜமால், ஐப்பசியிலயும் விசேஷம் இல்லை, சித்திரையிலயும் விசேஷம் இல்லைங்களா?"

"அவங்க ஒண்ணும் சொல்றதில்ல சார்."

"நீங்க கேக்கறீங்களா?"

"மழை உண்டான்னு கேப்பேன் சார்."

"மழை உண்டான்னு கேட்டா உண்டும்பாங்க, இல்லைம்பாங்க. அதோட முடிஞ்சு போகுமுங்க." முத்திரையை எடுத்துத் தன் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். "நாளையிலிருந்து நான் செத்த நேரம் உங்க பக்கத்துல உக்காந்துக்கறனுங்க."

அவர் கேட்கும் விதத்தை விவரமாகச் சொல்ல வேண்டும். மணி அடித்ததும் டெலிபோன் குழாயைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். அந்தப் பக்கத்து ஆள் அளவைச் சொல்வார். சார் அதைத் திருப்பிச் சொல்வார். அவர் 'ஆமா' என்பார். பிறகு சார் ஒரே ஒரு சொல் சொல்வார்: "அப்புறம்?"

அதன் பிறகு வாயைத் திறக்க மாட்டார். கம்பியில் இரைச்சல் மட்டும் கேட்கும். அந்தப் பக்கம் இருப்பவருக்கு ஒன்றும் புரியாது. 'அம்புட்டுத்தான் சார்' என்பார். சார் அப்போதும் குழாயை வைக்க மாட்டார். அந்த மௌனம் எனக்கே தாங்காது. ஆனால் பெரும்பாலும் அந்த மௌனத்துக்கு அப்பால் ஏதோ ஒன்று வரும். 'நேத்து ராத்திரி மேக்க மின்னுச்சு சார்.' 'தண்ணியில எலை நெறைய வருது.' அதை அப்படியே, அந்த வார்த்தையிலேயே எழுதுவார். எழுதியதை அவருக்கே படித்துக் காட்டுவார். அவர் திருத்தினால் திருத்திக்கொள்வார்.

நான் எழுதியதையும் பார்ப்பார். ஒருமுறை ஒருவர் 'தண்ணி டீத் தண்ணி மாதிரி வருது' என்று சொன்னதை நான் 'கலங்கல் நீர்' என்று எழுதியிருந்தேன். சார் பென்சிலால் ஒரு கோடு போட்டார்.

"அவர் கலங்கல்னு சொன்னாருங்களா?"

"அர்த்தம் அதுதான சார்?"

"டீத் தண்ணி வேறங்க, பால் ஊத்தின டீ வேறங்க. ரெண்டும் கலங்கல்தான். எது வந்துச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

ஒன்றும் சொல்லாத நாளில் கோடு போடக் கூடாது. 'கேட்டேன், ஒன்றும் சொல்லவில்லை' என்று முழுசாக எழுத வேண்டும். கேட்காமல் விட்டதும் கேட்டுப் பதில் வராததும் ஒன்றாகாது என்பார். கட்டத்தில் இடம் போதாதபோது, வெள்ளைத்தாளைக் கீற்றாக வெட்டிப் பக்கத்தின் ஓரத்தில் பசை வைத்து ஒட்டச் சொன்னார். வருட முடிவில் எங்கள் பதிவேடு கல்யாண வீட்டுத் தோரணம் போல் ஓரமெல்லாம் காகிதம் தொங்கிக்கொண்டு இருந்தது. பெரிய இன்ஜினியர் ஒருமுறை அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இது என்னய்யா அசிங்கம்?" என்றார். சார் சிரித்துக்கொண்டே நின்றார்.

இதில் வேடிக்கையும் உண்டு. ஓர் இடத்தில், தானே கோடு போடும் கருவி ஒன்றைப் புதிதாக வைத்தார்கள். மிதவை ஏறி இறங்க, உருளையில் சுற்றிய தாளில் பேனா கோடு இழுக்கும். ஒவ்வொரு மதியமும் அந்தக் கோட்டில் ஒரு சின்ன மேடு வந்தது. மழை கிடையாது, மதகு கிடையாது. கருவி கெட்டுவிட்டது என்று மதுரையிலிருந்து ஆள் வந்து கழற்றிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. சார் டெலிபோனில் அந்த இடத்து ஆளிடம் அளவைக் கேட்டுவிட்டு, "அப்புறம்?" என்று காத்திருந்தார். வெகு நேரம் கழித்து அவர் சொன்னார், "ஒண்ணுமில்ல சார், எருமைக குளிக்க எறங்குற நேரம். அம்புட்டும் அந்தக் குட்டையிலதான் படுக்கும்." அன்று சார் சிரித்த மாதிரி பிறகு நான் பார்த்ததில்லை.

இனி மூங்கில்துறைக்கு வருகிறேன்.

மூங்கில்துறை, கல்லோடை என்ற ஓடையில் மேலே, மலையடியில் இருந்த அளவு இடம். சித்தையன்கோட்டை வழியாகப் போய், சாலை முடிகிற இடத்திலிருந்து நடக்க வேண்டும். அங்கே அளவு பார்ப்பவர் அந்தோணி. ஓடைக்கரைக் குடிசையிலேயே மனைவி சவரியம்மாளோடு இருந்தார். பிள்ளைகள் இல்லை. அங்கிருந்து சில மைல் கீழே ஒரு தடுப்பணை. அதன் மதகைப் பார்த்துக்கொண்டவர் கருப்பையா. அவருக்கும் ஒரு டெலிபோன் உண்டு. தடுப்பணைக்குக் கீழே ஓடை அகன்று மணலாகக் கிடக்கும். அந்த மணலில்தான் வாரம் ஒருநாள் சந்தை கூடும். ஆடு, கோழி, புகையிலை, கருவாடு, மண்பானை எல்லாம் வரும். ஆட்டுத்தோல் வாங்க என் அண்ணன் ஹனீபா வாரம் தவறாமல் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு போவார்.

அந்த வருடம் ஐப்பசி மழை பிடித்தபோது அந்தோணிக்குக் கடுமையான காய்ச்சல். ஒருநாள் காலை மூங்கில்துறை மணி அடித்தது. எடுத்தால் பெண் குரல்.

"அந்தோணி வீட்ல பேசுறேங்க. அவுக எந்திரிக்க முடியாமக் கெடக்காக. நான் கம்பத்தப் பாத்துட்டு வந்தேன். சொல்லட்டுங்களா?"

எனக்குத் தயக்கம். அளவு பார்ப்பவர் பட்டியலில் அந்தப் பெண்ணின் பெயர் கிடையாது. சாரிடம் கேட்டேன்.

"பாத்தது யாருங்க?"

"அந்தம்மாதான் சார்."

"அப்ப அவங்க பேரைப் போடுங்க. அந்தோணி பாத்ததா எழுதினா அது பொய்யுங்க."

சவரியம்மாள் என்று எழுதினேன். அந்த அம்மாவுக்கு எண்களைப் படிக்கத் தெரியும், அவ்வளவுதான். 'அப்புறம்?' என்று நான் கேட்டதும் முதலில் பயந்துவிட்டார். "தப்பாச் சொல்லிட்டேனாங்க?" என்றார். இரண்டாம் நாள் பழகிவிட்டது. மூன்றாம் நாள் தானாகவே சொல்ல ஆரம்பித்தார்.

சந்தை நாள் வந்தது. முந்திய இரவு முழுக்க மலையில் மழை. காலையில் மூங்கில்துறையில் அளவு ஐந்தடியைத் தாண்டியிருந்தது. ஊரில் தூறல்தான். ஆனால் எங்கள் ஊர்க் கோட்டைமலைக்கு மேற்கே வானம் கரி பூசினாற்போல் இருந்தது. அண்ணன் விடிவதற்குள் வண்டி கட்டிக் கிளம்பியிருந்தார். ஓடையில் தண்ணீர் இருந்தால் சந்தையைக் கரை ஓரமாகப் போட்டுக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் பெரிதாகக் கவலைப்படவில்லை.

மதியத்துக்கு முன்னால் சவரியம்மாள் கூப்பிட்டார். அளவு மூன்றடி. எனக்கு நிம்மதி. வடிய ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்திலேயே மறுபடியும் மணி. நாங்கள் கூப்பிடச் சொல்லாத நேரம்.

"ஒண்ணரை அடிங்க."

"ஒண்ணரை அடி. சரிங்கம்மா. அப்புறம்?"

"மழை விடலைங்க. கூரையில கல்லெறியற மாதிரி கொட்டுது."

எழுதினேன். "அப்புறம்?"

கம்பியில் இரைச்சல். அந்தோணி இருமுவது தூரத்தில் கேட்டது. சவரியம்மாள் பேசவில்லை. நானும் பேசவில்லை.

"சத்தம் நின்னுபோச்சுங்க" என்றார்.

"என்ன சத்தம்மா?"

"ராவெல்லாம் ஓடைக்குள்ள கல்லு உருண்டுகிட்டே இருந்துச்சு. கடகடன்னு. அதுலதான் ரெண்டு பேரும் தூங்கல. இப்ப அது இல்ல. மழைச் சத்தம் மட்டுந்தான் கேக்குது. எதுக்குன்னு தெரியல, எனக்கு ஒருமாதிரி இருக்கு."

எழுதி, வழக்கப்படி படித்துக் காட்டினேன். "மழை விடவில்லை. கல் உருளும் சத்தம் நின்றுபோயிற்று. ஒருமாதிரி இருக்கிறது." வாசலில் போய்க்கொண்டிருந்த முத்துவேல் சார் நின்றார். உள்ளே வந்து குழாயை வாங்கினார்.

"அம்மா, நான் முத்துவேல் பேசறனுங்க. கேட்டதெல்லாம் சரியாச் சொன்னீங்க. இப்ப ஓடைகிட்டப் போய் நின்னு பாத்துட்டு வந்து சொல்றீங்களா? என்ன பாக்கறீங்களோ அதைச் சொன்னாப் போதுமுங்க."

காத்திருந்தார். கண்ணை மூடவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் இன்னொரு குழாயைக் காதில் வைத்துக்கொண்டு எழுதத் தயாராக இருந்தேன். சவரியம்மாள் மூச்சு வாங்க வந்தார்.

"தண்ணி இன்னும் எறங்கிருச்சுங்க. பாறையெல்லாம் தெரியுது. வர்ற தண்ணி சேறாட்டம் வருது. மண்ணு வாசம் அடிக்குது. கெணறு தோண்டுறப்ப அடியில இருந்து அள்ளிப் போடுவாகல்ல, அந்த மண்ணு வாசம். பச்சை மரத்த ஒடிச்சாப்புலயும் வாசம் வருது."

சார் குழாயின் வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

"மேல எங்கயோ மலை சரிஞ்சு ஓடையை அடைச்சிருக்குது, ஜமால். மழை பெஞ்சுட்டே இருக்குது, தண்ணி மட்டும் இறங்குது. வர்ற தண்ணியெல்லாம் அந்த அடைப்புக்குப் பின்னால நிக்குதுங்க."

"எப்ப சார் உடையும்?"

"தெரியாது. இப்பவே உடையலாம். உடையாம ஓரமா வழிஞ்சும் போயிடலாம்." கையை எடுத்தார். குரலை மாற்றிக்கொண்டு பேசினார். "அம்மா, இனி அளவு பாக்க வேண்டாமுங்க. பக்கத்துல யாராச்சும் இருக்காங்களா?"

"மாடு மேய்க்கிறவுக ரெண்டு பேரு மேல இருக்காக."

"கூப்பிடுங்க. அந்தோணியைக் கட்டிலோட தூக்கிட்டு மேட்டுக்குப் போயிடுங்க. ஓடையை விட்டு எம்புட்டு உசரம் முடியுமோ அம்புட்டு உசரம்." எங்கள் பேச்சுமொழி அவர் வாயில் வந்தது அன்றுதான். "பண்டம் பாத்திரம் எதையும் எடுக்காதீங்க."

"போயிட்டா போனை யாரு எடுப்பா சார்?"

"யாரும் எடுக்க வேண்டாமுங்க. கிளம்புங்க."

"வச்சிரட்டுங்களா?"

"வைங்கம்மா."

வைத்த சத்தம் கேட்டது. இனி மேலேயிருந்து ஒரு சொல்லும் வராது.

உடனே கைப்பிடியைச் சுற்றித் தடுப்பணையைக் கூப்பிட்டேன். கருப்பையாவிடம் சார் விஷயத்தைச் சொன்னார். கருப்பையா நம்பவில்லை.

"என்ன சார் சொல்றிய? காலையில கரையோரம் கடை போட்டிருந்தாக. தண்ணி வத்தி மணலு தெரியவும் இப்பத்தான் உள்ள எறங்கி விரிச்சிருக்காக. ஓடை காயுறப்ப வெள்ளம் வருதுன்னு போய்ச் சொன்னா என்னை அடிக்க வருவாக."

கரையில் இருந்தவர்களை அந்த வடிகிற தண்ணீரே மணலுக்குள் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டது.

சந்தையைக் கலைக்க எங்களுக்கு அதிகாரம் கிடையாது. பெரிய இன்ஜினியர் மதுரையில் இருந்தார். வெளியூர் டெலிபோன் பேச்சுக்குப் பதிவு செய்தால் எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாது. சார் பியூனைக் கூப்பிட்டு, போலீஸ் நிலையத்துக்குச் சைக்கிளில் போய்ச் சொல்லச் சொன்னார். பிறகு டெலிபோனில் கருப்பையாவிடம், "என் பேரைச் சொல்லுங்க. இன்ஜினியர் முத்துவேல் சொன்னாருன்னு சொல்லுங்க. வெள்ளம் வரலைன்னா நான் வந்து பதில் சொல்லிக்கறேன்" என்றார்.

"உங்க பேரு அங்க யாருக்குத் தெரியும் சார்?" என்றார் கருப்பையா. அவர் சொன்னதில் தப்பில்லை.

நான் குறுக்கே பேசினேன். "அண்ணே, ஜமால் பேசுறேன். தோல் யாவாரி ஹனீபா பாய் அங்க இருப்பாரு. எங்க அண்ணன். அவரைத் தேடிப் பிடிச்சு, தம்பி சொன்னான்னு சொல்லுங்க. உடனே வண்டிய மேட்டுக்கு ஏத்தச் சொல்லுங்க. அவர் வண்டி கிளம்புனா நாலு பேரு எதுக்குன்னு கேப்பாங்க."

"ஹனீபா பாய் உன் அண்ணனா? முன்னாடியே சொல்லக் கூடாதா அப்பு?" என்று சொல்லிவிட்டுக் குழாயைத் தொங்கவிட்டபடியே ஓடிவிட்டார். கம்பி திறந்தே இருந்தது. மதகின் இடுக்கில் தண்ணீர் சொட்டும் ஓசை எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.

அங்கே நடந்ததை அண்ணன் பிறகு பலமுறை சொல்லியிருக்கிறார். கருப்பையா வந்து சொன்னபோது அவருக்கும் நம்பிக்கை இல்லையாம். "ஆபீஸ்ல உக்காந்திருக்கிற பயலுக்கு ஓடையப் பத்தி என்ன தெரியும்?" என்றுதான் முதலில் நினைத்தாராம். ஆனால் நான் எதற்கும் அவருக்கு ஆள் அனுப்பியது கிடையாது. அது அவருக்கு உறுத்தியது. பேரம் பேசிக்கொண்டிருந்த தோலைப் போட்டுவிட்டு எழுந்து மாட்டைப் பூட்டினார். பக்கத்துக் கருவாட்டுக்காரி, "என்ன பாய், எறங்குன ஒடனே கெளம்புறிய?" என்று கேட்டாள். "தண்ணி வருதாம். நான் போறேன். நீ உன் பாட்டைப் பாரு" என்று சொல்லிவிட்டு வண்டியை ஓட்டினார். அந்தப் பெண் கூடையைத் தலையில் தூக்கினாள். அதைப் பார்த்துப் பானைக்காரர் எழுந்தார். கெஞ்சிக் கூவிய கருப்பையாவின் பேச்சைக் கேட்காதவர்கள், யாரையும் கூப்பிடாமல் கிளம்பிய அண்ணனின் வண்டிக்குப் பின்னால் போனார்கள். அண்ணன் வண்டியை மேட்டில் நிறுத்திவிட்டுத் திரும்ப இறங்கி வந்து, ஆட்டுக்காரர்களோடு சேர்ந்து மந்தையைத் துரத்தி ஏற்றினார்.

அலுவலகத்தில் சார் நாற்காலியில் உட்காரவே இல்லை. அறையின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். நான் மூங்கில்துறையைச் சுற்றிச் சுற்றிக் கூப்பிட்டுப் பார்த்தேன். யாரும் எடுக்கவில்லை. எடுக்காததுதான் நல்லது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கொஞ்ச நேரத்தில் மூங்கில்துறைக் கம்பியில் இருந்த இரைச்சலும் நின்றது. கைப்பிடியைச் சுற்றினால் கனமே இல்லாமல் சுற்றியது. கம்பி அறுந்துவிட்டது.

சாரிடம் சொன்னேன். அவர் நடப்பதை நிறுத்தினார்.

தடுப்பணைக் குழாயில் காலடிச் சத்தம் கேட்டது. கருப்பையா திரும்ப வந்துவிட்டார். மூச்சு இரைத்தது. "பாதிக்கு மேல ஏறிட்டாக சார். உப்பு மூட்டைக்காரர்தான் அசைய மாட்டேங்கிறாரு. ஹனீபா பாய் அவரைக் கையப் பிடிச்சு இழுத்துகிட்டு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். அவர் பின்னால் ஏதோ ஓசை. பாறையை லாரியில் கொட்டுவது போல. கருப்பையா அமைதியான குரலில், "வருது சார்" என்றார். பிறகு, "நான் மேட்டுக்குப் போறேன் சார்" என்றார். அதன் பின் அந்தக் கம்பியும் செத்துவிட்டது.

சாயங்காலம் போலீஸ்காரர் ஒருவர் நனைந்தபடி செய்தி கொண்டுவந்தார். சந்தையில் உயிர்ச்சேதம் இல்லை. சில ஆடுகள், பானைகள், உப்பு மூட்டைகள், ஒரு வண்டி போயின. அண்ணன் இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார், இடுப்பு வரை சேறோடு. அலுவலகத்தில் நடந்ததை நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டு முடித்தார். கை கழுவிவிட்டு, "யாருலே அந்தப் பொம்பள, சத்தம் நின்னுபோச்சுன்னு சொன்னவ? அது பொழச்சுச்சா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் விடிந்ததும் ஜீப்பில் கிளம்பினோம். சாலை முடிகிற இடத்துக்கு முன்னாலேயே சாலை முடிந்திருந்தது. இறங்கி நடந்தோம். கல்லோடை எங்களுக்குத் தெரிந்த ஓடையாக இல்லை. வேரோடு வந்த மரங்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன. மூங்கில்துறையில் குடிசை இருந்த இடத்தில் உருண்டைக் கற்கள் கிடந்தன. சார் அந்தக் கற்களின் முன் நின்று, "அந்தோணி" என்று கூப்பிட்டார். நானும் கூப்பிட்டேன்.

மேலேயிருந்து பதில் வந்தது. பாறைச் சரிவில், ஓலை மறைப்புக்குக் கீழே கயிற்றுக் கட்டில். அதில் அந்தோணி போர்த்திக்கொண்டு படுத்திருந்தார். மாடு மேய்ப்பவர்கள் தீ மூட்டியிருந்தார்கள். சவரியம்மாள் எழுந்து வந்தார். நான் அந்த அம்மாவை அன்றுதான் முதல்முதலாகப் பார்க்கிறேன். குரலை வைத்துப் பெரிய உருவமாக நினைத்திருந்தேன். சின்ன உருவம். சேலையெல்லாம் செம்மண்.

சாரைப் பார்த்ததும் கையைப் பிசைந்துகொண்டு சொன்னார், "கம்பம் போயிருச்சுங்க சார். எதப் பாத்து அளவு சொல்ல?"

சார் அந்த ஈரப் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு அந்தோணியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். கட்டிலின் ஒரு காலை அவர் பிடிக்க, மற்றதை நாங்கள் பிடிக்க, ஜீப் வரைக்கும் தூக்கிக்கொண்டு வந்தோம். திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் அந்தோணி பிழைத்துக்கொண்டார். ஆனால் பழைய தெம்பு வரவில்லை.

அதன் பிறகு மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. நீர்மட்டம் குறைந்துகொண்டிருந்தபோது எதை வைத்து எச்சரிக்கை கொடுத்தீர்கள், அந்த நபர் யார், அவர் பட்டியலில் உண்டா என்று. சார் சுருக்கமாகப் பதில் எழுதினார். சவரியம்மாள் சொன்னதை, சொன்ன வார்த்தையிலேயே எழுதி, 'இதைக் கேட்டேன்' என்று முடித்தார். அதற்கு மேல் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மேட்டில் புதுக் குடிசையும் புதுக் கம்பமும் வந்தபோது, பலமுறை எழுதிப் போராடி, அளவு பார்ப்பவராக அந்த அம்மாவின் பெயரையே போட வைத்தார்.

அடுத்த வருடம் சாருக்குத் திருநெல்வேலிப் பக்கம் மாற்றல். கிளம்புகிற அன்று மூங்கில்துறையைப் பார்க்க வேண்டும் என்றார். காலையில் போய்ப் பார்த்தோம். சவரியம்மாள் கேப்பைக் கூழும் தொட்டுக்கொள்ள மாங்காய் வெஞ்சனமும் கொடுத்தார். அங்கிருந்து நேராகக் கொடைரோடு ஸ்டேஷனுக்கு வந்து ரயிலுக்குக் காத்திருந்தோம். வெயில் அடித்தது. பிளாட்பாரத்தில் மலைக்குப் போகிறவர்களின் பெட்டிகள் கிடந்தன. சார் தன் டிரங்குப் பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தார். எப்போதும் அடுத்தவர் பேசட்டும் என்று இருக்கிற மனிதர், அன்று தானாகப் பேச ஆரம்பித்தார்.

"அன்னிக்கு மேலே கம்பி அறுந்துபோச்சுன்னு சொன்னீங்களே, ஞாபகம் இருக்குதுங்களா?"

"இருக்கு சார்."

"அதுக்கு முன்னால செத்த நேரம் நான் நடந்துட்டே இருந்தனுங்க. வெள்ளம் வராமப் போயிட்டா என்ன ஆகும்னு நினைச்சேன். சந்தையைக் கலைச்சுட்டேன். என் வேலை போகும், ஊரே சிரிக்கும். அப்ப, வந்துடணும்னு நினைச்சேன் ஜமால். வெள்ளம் வந்துடணும்னு. ஒரு நிமிஷந்தான். அந்தம்மா புருஷனைத் தூக்கிட்டு மேல ஏறிட்டிருக்கிற நேரம் அது. நீங்க கம்பி அறுந்துபோச்சுன்னு சொன்னதும், என் நினைப்புதான் அறுத்துடுச்சுன்னு தோணுச்சுங்க."

நினைப்புக்கு வெள்ளம் வராது சார் என்று சொல்லியிருக்கலாம். அது அவருக்கே தெரியும். "பாறையில உக்காந்தப்ப அதைச் சொல்லிடணும்னு இருந்துச்சு. அந்தம்மா கம்பத்தைப் பத்திக் கவலைப்பட்டுட்டு நிக்கறாங்க. எப்படிச் சொல்றது?" என்றார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ரயில் வந்தது. பெட்டியை நானும் அவருமாக ஏற்றினோம். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, வண்டி நகரும்வரை விடவில்லை. அதற்குப் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. அவர் காலமானதைப் பல வருடம் கழித்துத்தான் கேள்விப்பட்டேன்.

அன்று மாலை அளவு வாங்கும் நேரத்துக்கு அலுவலகம் திரும்பிவிட்டேன். மூங்கில்துறை மணி அடித்தது.

"முக்கால் அடிங்க" என்றார் சவரியம்மாள். "மழை இல்ல. தண்ணி தெளிஞ்சிருக்கு, அடியில கெடக்குற கல்லு தெரியுது. வெள்ளம் அரிச்ச எடத்துல புல்லு மொளைச்சிருக்கு." எழுதினேன், படித்துக் காட்டினேன். "சார் ரயில் ஏறிட்டாகளா?" என்று கேட்டார்.

"ஏறிட்டாரும்மா."

"எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும். காலையில கூழைக் குடிச்சுட்டு இன்னுங் கொஞ்சம் கேட்டு வாங்கிக் குடிச்சாரு. எனக்கு அதுவே போதும்."

சார் பிளாட்பாரத்தில் சொன்னது என் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. அந்த அம்மாவும் குழாயை வைக்கவில்லை. தூரத்தில் ஓடை ஓடுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.